வினவல் இலக்கம் 14: எடைக் குறைவு

கணக்காய்வு அத்தியட்சகர், அம்பாறை.

ஐயா,
பழைய களஞ்சியம், மேற்குச் சுவரோரம்,
பி.எச்.சி. தூள், சாக்கு ஒன்று.
பேரேட்டில் இருபத்தைந்து கிலோ.
தராசில் இருபத்தொன்று முந்நூறு.
மூன்று கிலோ எழுநூறு கிராம் எங்கே,
பொறுப்பானவர் விளக்கம் தருக என்கிறீர்கள்.

தருகிறேன்.

எலி தின்னவில்லை. தின்றிருந்தால்
சாக்கடியில் எலி கிடந்திருக்கும்.
காவலாளி உதுமாங்கண்டு எடுக்கவில்லை.
அந்த மூலையின் பூஞ்சண வாடைக்கு
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவார்.
எனக்கு முன்னிருந்த நல்லரெத்தினம்
தடைக் கடிதம் வந்த அன்றைக்கே
வாயைக் கட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனவர்.
அரக்கு உடையவில்லை.
நீங்களே விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

அலுமாரியில் போட்ட பூச்சி உருண்டை
பெருநாளைக்குச் சேலை எடுக்கும்போது
கடலையளவாகிக் கிடக்கும்.
யார் எடுத்தது என்று வீட்டில் கேட்பதுண்டா?

கூரைத் தகரம் பதினொரு மணிக்குக் கொதிக்கிறது.
கச்சான் எழும்பினால்
பூட்டையோ என் கையொப்பத்தையோ கேட்காது.
சாக்கின் இழைவழியே தூள் மூச்சாகி
சம்மாந்துறை வட்டைக்கு மேலே,
கதிர் பறியும் சிறுபோக வேளாண்மைக்கு மேலே,
கல்முனையில் கரைவலை இழுப்பவர்களின்
முதுகு வியர்வைக்கு மேலே
கடலுக்குப் போய்விடும்.

குளிர்ந்தால் இறங்கும். வெயில் பட்டால் எழும்பும்.
மறுபடி இறங்கும், இன்னும் வடக்கே.
தத்தியைக் கொல்ல வந்த மருந்து
தத்தக் கற்றுக்கொண்டது ஐயா.
எத்தனை தத்தில், எந்தெந்தக் கரையில்,
பற்றுச்சீட்டு என்னிடம் இல்லை.

கடைசியில் பனிக்கட்டி.
திரும்ப எழுப்ப அங்கே வெயில் போதாது.
இறங்கினது இறங்கினதுதான்.

இதையெல்லாம் பேறுகால லீவில் வாசித்தேன்.
பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க
மறு கையில் போன்.
தண்ணீரில் இலேசில் கரையாதாம்,
கொழுப்பென்றால் ஓடிப்போய் ஒட்டுமாம்.
மிச்சம் நம் பேரேட்டு முறைதான்:
பாசியின் மீதி கூனிக்கு முற்கொணரப்படும்,
கூனியின் மீதி மீனுக்கு,
மீனின் மீதி கடல்நாய்க்கு.
செலவுப் பக்கம் மட்டும் கிடையாது.
வரவு, வரவு, வரவு.
வெள்ளைக் கரடிக்கு வரும்போது
மொத்தம் எழுதக் கட்டம் போதாது.

பிழை. திருத்துகிறேன்.
ஒரு செலவு உண்டு: தாய்ப்பால்.

கடல்நாய் இறைச்சியில் வளர்ந்த ஒருத்தி,
வக்கடையில் கால் வைத்திராதவள்,
அறக்கொட்டி எந்த நிறம் என்று அறியாதவள்,
இந்நேரம் பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறாள்.
நம் மூன்று எழுநூறில்
அவள் பங்கு எவ்வளவு என்று நிறுக்க
இந்த நிலையத்தில் தராசு இல்லை.
பொருளை ஏற்றதாக அவள்
எங்கேயும் ஒப்பமிடவும் இல்லை.

(என் பாலை யாரும் சோதிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
இதைக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.)

ஆகவே, குறைந்ததை
‘அழிந்தது’ என்று எழுதி வெட்டிவிடச் சொல்லும்
தங்கள் மூன்றாம் பந்தியோடு
உடன்பட முடியவில்லை.
அழியவில்லை. இடமாற்றம்.
‘அனுப்பப்பட்ட இடம்’ என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
அறியத் தந்தால் எழுதி அனுப்புவேன்.

மீதியை மறுபடி நிறுக்க வருவதாயின்
வெள்ளென வாருங்கள்.
இன்றைக்குக் கச்சான் நேரத்தோடு தொடங்கிவிட்டது.
இருபத்தொன்று முந்நூறு என்பது
நேற்றைய கணக்கு.

இவ்வண்ணம்,
எம்.ஐ. ஸனூபா
களஞ்சியக் காப்பாளர்